குடும்பம் ஏழு

1

இந்த மாதத்தோடு நான் நெதர்லாந்துக்கு வந்து ஐந்து வருஷம் முடிகிறது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு விசேஷமோ அவரே கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நானும் ஆப்பிள் கேக் ஒன்று வாங்கிப் போய் ஆய்வகத்தின் காபி அறையில் வைத்தேன். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு கைகுலுக்கினார்கள். எங்கள் பேராசிரியர் வில்லம், "எலிகள் சார்பாகவும் உனக்கு நன்றி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கீழ்பென்னாத்தூரில் யாராவது கேட்டால் என் அம்மா, "செல்வி ஃபாரின்ல டாக்டரா இருக்குது" என்று சொல்லிவிடுவாள். அப்பா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் பனி, சைக்கிள், பாலாடைக்கட்டி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. தங்கை தேன்மொழியிடம் கேட்டேன். "எழுது. பேரை மட்டும் மாத்திக்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

2

காலை எட்டு மணிக்கு எலிக் கூடத்துக்குள் போவேன். போட்டிருக்கும் உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டுக் குளித்து, அவர்கள் கொடுக்கும் நீல அங்கியும் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டால்தான் கதவு திறக்கும். வெளியிலிருந்து எந்தக் கிருமியும் உள்ளே போகக்கூடாது. உள்ளே ஜன்னல் கிடையாது. பகலும் இரவும் விளக்கின் கணக்குப்படிதான். அடுக்கடுக்காகப் பெட்டிகள். பெட்டிக்கு நாலைந்து சுண்டெலிகள்.

பார்க்க எல்லாம் சாதாரணச் சுண்டெலிகள்தான். ஆனால் கருவிலேயே அவற்றிலிருந்து ஒரே ஒரு மரபணுவை வேலை செய்யாமல் ஆக்கியிருக்கிறார்கள். மனிதர்களில் அந்த மரபணு முடங்கிப்போனால் பிள்ளைக்குப் பேச்சும் அறிவு வளர்ச்சியும் தாமதப்படும். ஃப்ராஜைல் எக்ஸ் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் தாய் வழியாக வருவது. தாய்க்கு வெளியில் ஒன்றும் தெரியாது. அவளுடைய பிள்ளைகளில் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது பூவா தலையா போடுவது மாதிரி.

வேலையை மூன்று இடங்கள் பகிர்ந்துகொண்டிருந்தன. எலிகளை வளர்ப்பதும் சோதிப்பதும் நாங்கள். அவற்றின் மூளையைச் சீவிப் பார்ப்பது அமெரிக்காவில் ஒரு குழு. அந்தக் குறை உள்ள குடும்பங்களைக் கண்டுபிடித்து ரத்தம் சேகரிப்பது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி. இரண்டாயிரமாவது வருஷம் சென்னை ஆஸ்பத்திரி இந்த வேலையில் சேர்ந்ததும், தமிழ் தெரிந்தவள் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

என் வேலைகளில் ஒன்று மணிச் சோதனை. பிறந்து மூன்று வாரமான குட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, மேலே இருக்கிற மின்சார மணியை அடிக்க வேண்டும். சாதாரணக் குட்டி திடுக்கிட்டு மூலையில் ஒண்டிக்கொள்ளும். மரபணு இல்லாத குட்டி சுற்றிச் சுற்றி ஓடும். பிறகு பக்கவாட்டில் விழுந்து வெட்டி இழுக்கும். சில குட்டிகள் எழுந்திருப்பதில்லை. எத்தனை விநாடியில் விழுந்தது என்று நான் எழுதிக்கொள்வேன். முதல் நாள் எழுதியதை இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் எனக்கு வெட்கம்.

3

என் தம்பி ஏழுமலைக்கு அப்போது இருபத்து நாலு வயசு. நாலு வயசு வரைக்கும் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் ஒரே சொல்லை மூன்று தடவை சொல்லுவான். வீட்டுக்கு யார் வந்தாலும் கையை நீட்டிக்கொண்டு போய், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "வாங்க வாங்க வாங்க" என்பான். நீண்ட முகம், பெரிய காது. வேர்க்கடலை பிடுங்குகிற நாளில் ஒரு பிடி செடியை எடுத்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஒரு காய் விடாமல் ஆய்வான். யாரையும் அடித்ததில்லை. சத்தம் மட்டும் ஆகாது.

அவனுக்குப் பன்னிரண்டு வயசில், ஆடி மாதம் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பம்பைக்காரர்கள் அவன் பக்கத்தில் வந்து நின்று அடித்தார்கள். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினான். கூட்டத்தைச் சுற்றி ஒரு சுற்று ஓடி, மண்ணில் விழுந்து வெட்டி இழுத்தான். "ஆத்தா வந்துட்டாடா" என்று கத்தினார்கள். கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டுக்கொண்டே, "இந்த வருஷம் மழை ஜாஸ்தியா கம்மியா, சொல்லு தாயே" என்று அவனிடம் கேட்டார். அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பம்பையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் குரல் யார் காதிலும் விழவில்லை.

எங்கள் அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளை இப்படி என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன். விலங்கியல் படித்தேன், சென்னையில் முனைவர் பட்டம் வாங்கினேன், அப்போதும் அதையே நம்பினேன்.

1998-இல் இங்கே சேர்ந்த முதல் வாரம் வில்லம் புதியவர்களுக்குப் பாடம் எடுத்தார். திரையில் ஒரு பையனின் படம் வந்தது. எந்த நாட்டுப் பையனோ, வெள்ளைக்காரன். நீண்ட முகம், பெரிய காது. அடுத்தது ஒரு சின்ன வீடியோ. அந்தப் பையன் டாக்டருக்குக் கை கொடுத்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

நான் எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

4

அன்றைக்கே வில்லமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இரண்டு வருஷம்.

காரணங்களை இப்போது வரிசையாக எழுதப் பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரிகிறது. எனக்கு ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம்தான். ஒப்பந்தத்தை வைத்து எனக்குத் தங்கும் அனுமதி. என்னை வைத்து என் கணவர் சேகருக்கும் மகள் யாழினிக்கும். சேகர் ஊரில் கல்லூரி ஆசிரியர். இங்கே பூக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் ஆராய்ச்சி செய்கிறவள் என்ற வரிசையிலிருந்து ஆராயப்படுகிற குடும்பத்துக்காரி என்ற வரிசைக்கு மாறிவிட்டால் என்ன ஆகுமென்று தெரியவில்லை.

உண்மைக் காரணம் வேறு. அம்மாவிடம் அது இருந்தால் எனக்கும் இருக்கலாம். எனக்கு இருந்தால் யாழினிக்கும். எலிக்குட்டியின் வால் நுனியைக் கத்தரித்து அதற்கு அந்த மரபணு இருக்கிறதா இல்லையா என்று தினமும் பார்க்கிறவள் நான். என் விரலில் ஒரு ஊசி குத்திப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

யாழினி வேறு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தாள். நாலு வயசில் பள்ளிக்குப் போனாள், ஆறு மாதத்தில் டச்சில்தான் பதில் வந்தது. ஊரிலிருந்து போன் வந்தால் "ஹோய்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். மாமா படத்தைக் காட்டினால், "இவர் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறார்?" என்று டச்சில் கேட்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

5

சென்னை ஆஸ்பத்திரிக்காக ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. இரண்டே பக்கம். ஒரு வாரம் ஆயிற்று. குறையைத் தனக்குள் வைத்திருந்து பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பெண்ணை ஆங்கிலத்தில் கேரியர் என்பார்கள். 'சுமப்பவர்' என்று போட்டால் கர்ப்பிணி என்று நினைப்பார்கள். 'கேரியர்' என்றே போட்டால் ஊரில் அது சாப்பாட்டு அடுக்கு. கடைசியில், 'உங்களுக்கு நோய் இல்லை, ஆனால் உங்கள் வழியாகப் பிள்ளைக்கு வரலாம்' என்று நீட்டி எழுதினேன். எழுதும்போது என் முன்னால் அம்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேன்மொழியிடமிருந்து போன் வந்தது. அவள் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீட்டில் அப்போது போன் இல்லை. பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து பேசினாள்.

"அக்கா, முடிஞ்சிடுச்சு. தை மாசம் கல்யாணம். போளூர்ல வாத்தியாரு. பேரு ரவி. சொந்தம் கெடையாது, முழுக்க வெளியில. ஏழுமலை மாதிரி ஆயிடக்கூடாதுனு அம்மா சொந்தமே வேணாம்னுடுச்சு."

நான் வாழ்த்துச் சொன்னேன். வைத்துவிட்டு, சமையலறையில் தரையில் உட்கார்ந்தேன். எந்த ஆபத்துக்குப் பயந்து வெளியில் மாப்பிள்ளை பார்த்தார்களோ, அந்த ஆபத்துக்கு மாப்பிள்ளை சொந்தமா அசலா என்ற கணக்கே கிடையாது. அது அவளோடு சேர்ந்துதான் போளூருக்குப் போகும். அல்லது போகாமலும் இருக்கலாம். பூவா தலையா.

நேரில் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

6

என் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து மூன்று மாதமாகியிருந்தது. அது கைக்கு வருகிறவரை நாட்டை விட்டுப் போனால், திரும்பி வருவதற்குத் தனி விசா வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், மனப்பாடம் செய்து வைத்திருந்த டச்சு வாக்கியத்தைச் சொன்னேன். அந்த மொழியில் கல்யாணம் செய்வதற்கும் துக்கம் காப்பதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பதற்றத்தில் நான் அந்த எழுத்தை விழுங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் முகம் மாறியது. "மிகவும் வருந்துகிறேன்" என்றாள். "இந்த மாதிரி நேரத்தில் ஒரே நாளில் செய்து கொடுப்போம். இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?"

"இல்லை, இல்லை. கல்யாணம். என் தங்கைக்குக் கல்யாணம்."

"ஓ" என்றாள். சிரித்தாள். பிறகு தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "கல்யாணத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. நீங்கள் காத்திருக்க வேண்டும்."

எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூட்டைத் திறக்கச் சாவி கையில் இருக்கிறது, எங்கே போவது என்று தெரியவில்லை.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், தேன்மொழி வரும் நேரம் பார்த்துப் பூத்துக்கு நானே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் செஞ்சி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம்.

"தேனு, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"பூத்துக்காரர் வெளியில நிக்கிறாரு. இன்னாக்கா, குரலே ஒரு மாதிரி கீது?"

சொன்னேன். எலியிலிருந்து ஆரம்பித்தேன், தம்பிக்கு வந்தேன், அம்மாவுக்கு வந்தேன், அவளுக்கு வந்தேன். நடுவில் அவள் கண்ணாடிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா." அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். "என்னை நாலு எடத்துலேர்ந்து பொண்ணு பாத்துட்டுப் போனாங்களே, அப்பல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ டெஸ்ட் பண்ணிக்கிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ஆமா. நீ கல்யாணம் பண்ணி, புள்ளயும் பெத்துட்ட. உனக்கு இன்னா அவசரம்." அவள் குரல் உடைந்தது. பிறகு தெளிந்தது. "எங்க போவணும், சொல்லு. அட்ரஸ் குடு."

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள், அம்மாவையும் ஏழுமலையையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனாள். அம்மாவிடம் தம்பிக்கு வைத்தியம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் நான் எழுதிய படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட, அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஏழுமலைக்கு ஊசி குத்தும்போது தேன்மொழி அவன் காதைப் பொத்திக்கொண்டாளாம். ஊசிக்கு எதற்குக் காது என்று நர்ஸ் சிரித்தாராம். அவனுக்கு அதில்தான் சமாதானம்.

8

ரத்தத்திலிருந்து பிரித்த மரபுப்பொருளைச் சின்னக் குப்பிகளில் அடைத்துச் சென்னையிலிருந்து எங்களுக்கு அனுப்புவார்கள். பெயர் இருக்காது. எண் மட்டும். மார்கழியில் வந்த பெட்டியைத் திறந்தது நான்தான். கூடவே ஒரு தாள். அதில் ஏழாவது வரி: குடும்பம் ஏழு. தாய், வயது 51. மகள், வயது 26. மகன், வயது 24.

நான் பெட்டியை மூடி, பக்கத்து மேஜை மரைக்கேயிடம் கொடுத்தேன். மரைக்கே கெட்டிக்காரி, நல்ல பெண். "எனக்கு உடம்பு சரியில்லை, இதை நீ பார்க்கிறாயா?" என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வீட்டுக்குப் போ" என்றாள்.

நான்கு நாள் கழித்துக் காபி நேரத்தில், முடிவு கோடு கோடாகப் பதிவான எக்ஸ்ரே படலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெளிச்சத்தில் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள்.

"குடும்பம் ஏழைப் பாருங்கள். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது! தாயிடம் இருக்கிறது, மகளிடம் இருக்கிறது, மகனிடம் முழுசாக. பாடப்புத்தகத்தில் போடலாம்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நடுக்கோடு என் தங்கை. சுத்தமான, கறுப்பான ஒரு கோடு. "ஆமாம், அழகாக இருக்கிறது" என்று நான் சொன்னேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

முடிவை ஆஸ்பத்திரி டாக்டர்தான் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், ஆய்வகத்தில் யாரும் சொல்லக்கூடாது. அந்த விதியைத் தமிழில் எழுதியதும் நான்தான். எங்களிடமிருந்து கடிதம் போய், அங்கே பதிவாகி, தேதி கொடுத்துக் கூப்பிட இரண்டு மாதமாவது ஆகும். தைக்கு மூன்று வாரம் இருந்தது. பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவி, போளூர் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது.

விதியை மீறினேன். அன்று மதியமே பூத்துக்குக் கூப்பிட்டு, ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்கு வந்த தேன்மொழியை வரவழைத்துச் சொன்னேன். அவள் "சரி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வில்லமிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இரண்டு வருஷம் தினமும் அந்த மணியை நீயா அடித்தாய்?" என்று கேட்டார். பிறகு குடும்பங்கள் பற்றிய வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். எலிகளோடு விட்டுவைத்தார். மணிச் சோதனையை மரைக்கேயிடம் மாற்றினார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நான் அதற்கு நன்றி சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது, மூன்று பேர் அதில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

9

தேன்மொழி யாரையும் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போளூருக்குப் போய், பள்ளிக்கூடத்து வாசலில் ரவியைப் பார்த்துத் தானே சொல்லியிருக்கிறாள். ரவி முழுவதையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லைங்க, பாத்துக்கலாம்" என்றாராம். மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். நல்லவிதமாகத்தான் பேசினாராம். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அம்மா பயப்படுது" என்று நிச்சயத் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழுமலை வழக்கம்போல ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாங்க வாங்க வாங்க" என்று வழியனுப்பினானாம்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் தேன்மொழி என்னோடு பேசவில்லை.

என் அனுமதி மாசி மாதம் வந்தது. அடுத்த கோடைவிடுமுறைக்குத்தான் போக முடிந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது தேன்மொழி ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையை வாங்கி வைத்தாள். "பல் தேய்ச்சிட்டு இட்லி சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாழினி ஏழுமலையோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தாள். இருவருக்கும் பேச ஒரு மொழி இல்லை, அது அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

"செல்வி" என்றாள் அம்மா, துணியைப் பார்த்துக்கொண்டே. "அந்த டாக்டரம்மா சொன்னது நெசமா? ஏழுமலைக்கு வயித்துல இருக்கறப்பவே அது வந்துடுச்சாமே?"

"ஆமாம்மா. கரு உண்டான அன்னைக்கே."

"கீழ விழுந்தா அது மாதிரி ஆவாதா?"

"ஆவாதும்மா. ஏன்?"

அவள் கையிலிருந்த புடவையைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கைக்கொழந்தையா இருக்கறப்ப புங்கமரத்துல தூளி கட்டிட்டுக் களையெடுத்துட்டு இருந்தேன். முடிச்சு அவுந்து கீழ விழுந்துட்டான். நான் சரியா கட்டல. உங்கப்பாவுக்குக்கூட சொல்லல. எல்லாரும் சொந்தத்துல கட்டினதாலனு சொன்னாங்க, நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்துனனே, அவனுக்குக் கொணமாவணும்னு நீங்க நெனச்சீங்க. நான் மன்னாப்புக் கேக்கத்தான் சுத்துனேன்."

புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அருகில் போனேன். அவள் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்:

"இது உனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியுமாமே. ஏன்மா சொல்லல?"

அவள் கையிலிருந்த புடவையை வாங்கிக் கொடியில் போட்டேன். அவளுக்குக் கெட்ட செய்தி என்று நினைத்து நான் பூட்டி வைத்திருந்தது, அவளைத் திறந்துவிடுகிற செய்தியாக இருந்திருக்கிறது.

10

ஊரில் இருந்த மூன்று வாரத்தில் தேன்மொழி ஒரே ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தாள். ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் நிறைய வரும் ஒரு காபிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். சுற்றிலும் எங்கெங்கிருந்தோ அமைதி தேடி வந்தவர்கள் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரிஞ்சிக்கிட்டது நல்லதுதான்க்கா" என்றாள். "கல்யாணம் நின்னது நல்லதுனு நான் சொல்ல மாட்டேன். ரவி நல்ல மனுஷன். ரெண்டும் ரெண்டு. ஒண்ண வெச்சு இன்னொண்ண நீ சமாதானம் பண்ணிக்காத."

நான் தலையாட்டினேன். காபி ஆறிப்போனது.

திரும்பி வந்து மேலும் ஒன்றரை வருஷம் கடத்தினேன். போன மாதம்தான் ரத்தம் கொடுத்தேன், எங்கள் ஆய்வகத்தில் இல்லை, வேறு ஊர் ஆஸ்பத்திரியில். முடிவு சொன்ன பெண் தண்ணீரும் காகிதக் கைக்குட்டையும் தயாராக வைத்திருந்தாள். எனக்கும் இருக்கிறது. யாழினிக்கு இருக்குமா என்பதை அவள் பெரியவளாகித் தானே கேட்கும்வரை இங்கே சோதிக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தேன்மொழியின் கைபேசிக்கு அழைத்தேன். சொன்னேன். 

"யாழினி எங்க?" என்று கேட்டாள்.

"பக்கத்து ரூம்ல டிவி பாக்குறா. எதுவும் கேக்காது. கேட்டாலும் நம்ம பேச்சு பாதிதான் புரியும்."

"இப்ப ஒண்ணும் சொல்லாத. சின்னப் பொண்ணு."

"சரி."

"ஆனா எனக்குச் சொன்ன மாதிரி, பத்திரிகை அடிச்சப்பறம் சொல்லாத" என்றாள் என் தங்கை.